கூட்டம் முடிஞ்ச பிறகு கடன் மிஞ்சக் கூடாது: குறைந்த செலவில் கணினி ஆர்வலர் மாநாடு

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்க. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. காலையில் இருந்து நடந்த கணினி ஆர்வலர் கூட்டம் முடிந்துவிட்டது. வந்தவர்கள் எல்லாம் போட்டோ எடுத்துக்கொண்டு, "சூப்பரா இருந்துச்சு, அடுத்த வருஷமும் நடத்துங்க"ன்னு சொல்லிவிட்டுக் கிளம்பிட்டாங்க. அரங்கில் நாலு பேர் நாற்காலி மடக்கிக்கொண்டிருக்கிறார்கள். சமையல்காரர் வாசலில் நிற்கிறார். "தம்பி, நூறு இலைக்குச் சொன்னீங்க, அறுபது பேர்தான் சாப்பிட்டாங்க. நான் நூறுக்குத்தான் பொருள் வாங்கினேன்" என்கிறார். அவர் சொல்வது நியாயம்தான். ஒருங்கிணைத்த இளைஞர் தன் செல்போனை எடுத்து, தன் சம்பளக் கணக்கில் இருந்தே பணத்தை அனுப்புகிறார். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் கூட்டம் நடக்கவும் இல்லை.

சின்னக் கூட்டங்கள் பெரும்பாலும் நின்றுபோவது இப்படித்தான். ஆர்வம் தீர்ந்து நிற்பதில்லை. யாரோ ஒருவரின் பர்ஸ் காலியாகி நிற்கிறது. அது நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்பதே இந்தப் பாடம்.

கணினி ஆர்வலர் மாநாடு என்றால் என்ன?

கம்பெனி நடத்தும் விற்பனைக் கண்காட்சி வேறு, இது வேறு. பழைய கம்ப்யூட்டரைத் திறந்து ரிப்பேர் பார்ப்பவர், ராஸ்பெர்ரி பை வைத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுபவர், லினக்ஸ் பயன்படுத்துபவர், தமிழில் செயலி எழுதும் மாணவி எல்லோரும் ஒரே இடத்தில் கூடி, "நான் செய்ததைப் பாருங்க, எப்படிச் செய்தேன்னு சொல்றேன்" என்று காட்டும் நாள். சம்பளத்துக்கு யாரும் வருவதில்லை.

இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1975 மார்ச் 5 அன்று அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மென்லோ பார்க் என்ற ஊரில், ஒரு வீட்டுக் கார் கொட்டகையில் சில ஆர்வலர்கள் கூடினார்கள். அதுதான் 'ஹோம்பிரூ கம்ப்யூட்டர் கிளப்'. பின்னாளில் ஆப்பிள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக் அந்த முதல் கூட்டத்துக்கு வந்திருந்தார். கொட்டகை போதாமல் போனபோது அவர்கள் மண்டபம் வாடகைக்குப் பிடிக்கவில்லை. ஸ்டான்ஃபோர்டு நேர்கோட்டு முடுக்கி மையம் என்ற ஆய்வுக்கூடத்தின் அரங்கில் கூடத் தொடங்கினார்கள்.

அடுத்த இரண்டு வருடத்தில் அந்த வட்டாரத்தில் ஆர்வலர் கூட்டம் பெருகியது. 1977 ஏப்ரல் 16, 17 தேதிகளில் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஜிம் வாரன் முன்னின்று நடத்திய 'வெஸ்ட் கோஸ்ட் கம்ப்யூட்டர் ஃபேர்' நடந்தது. ஏறக்குறைய 180 ஸ்டால்கள், 12,000-க்கும் மேற்பட்ட பார்வையாளர்கள். ஆப்பிள் 2 கணினியை மக்கள் முதன்முதலில் பார்த்தது அங்கேதான்.

இதில் நமக்கு வேண்டியது ஒரே ஒரு விஷயம். முதலில் சின்னச் சின்னக் கூட்டங்கள். பெரிய அரங்கு அதற்கப்புறம்தான். யார் வருவார்கள் என்று தெரிந்த பிறகே பெரிய செலவு. நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம்: முதலில் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, அப்புறம் ஆள் தேடுகிறோம்.

இரண்டு வகைச் செலவு

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்க. இடது பக்கம் 'நிலையான செலவு'. பத்துப் பேர் வந்தாலும் நூறு பேர் வந்தாலும் மாறாதது. வலது பக்கம் 'ஆள்கணக்குச் செலவு'. வருகிறவர் எண்ணிக்கையைப் பொறுத்து ஏறி இறங்குவது.

ஒரு நாள் கூட்டம், 100 பேர் என்று ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். உங்க ஊர் விலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

நிலையான செலவு:
- அரங்கப் பராமரிப்பு, மின்சாரப் பங்கு: 3,000 ரூபாய்
- மேசை, நாற்காலி, எக்ஸ்டென்ஷன் போர்டு வாடகை: 2,500
- மைக், ஸ்பீக்கர்: 2,000
- பேனர், பெயர் அட்டை: 1,500
- துப்புரவுப் பணியாளர் கூலி: 1,000
- தண்ணீர் கேன், முதலுதவிப் பெட்டி: 500
- எதிர்பாராததற்கு: 1,500
- மொத்தம்: 12,000 ரூபாய்

ஆள்கணக்குச் செலவு:
- மதியச் சாப்பாடு 100 ரூபாய், இருவேளை டீ, பலகாரம் 30 ரூபாய். ஆளுக்கு 130. நூறு பேருக்கு 13,000 ரூபாய்.

ஆக மொத்தம் 25,000. இதைப் பார்த்ததும், "இருபத்தஞ்சாயிரத்துக்கு எங்கே போறது?" என்று பயம் வரும். ஆனால் இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் பயம் பாதியாகக் குறையும். வலது பக்கச் செலவைச் சாப்பிடுகிறவர்களே முன்கூட்டியே கொடுத்துவிட்டால், குழு தேட வேண்டியது 12,000 மட்டும்தான். பத்துப் பேர் ஆளுக்கு 500, பக்கத்துக் கம்ப்யூட்டர் கடைக்காரர் 3,000, கல்லூரி மன்றம் 4,000. முடிந்தது.

இங்கே ஒரு கறாரான விதி. நிலையான செலவு முழுவதும் கைக்கு வரும்வரை தேதியை அறிவிக்காதீர்கள். "தரேன்னு சொல்லியிருக்கார்" என்பது பணம் இல்லை. கணக்கில் ஏறியதுதான் பணம்.

இடம்: பாதி பட்ஜெட் இங்கேதான்

மேலே உள்ள கணக்கில் கல்யாண மண்டபம் பிடித்து, வாடகை 25,000 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3,000 இருந்த இடத்தில் 25,000 வந்தால், நிலையான செலவு ஒரே தாவலில் 34,000 ஆகிவிடும். வேறு எந்த இனத்தில் சிக்கனம் பிடித்தாலும் இதை ஈடுகட்ட முடியாது.

ஐரோப்பாவில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் கூடும் 'ஃபாஸ்டெம்' மாநாட்டைப் பாருங்கள். பெல்ஜியம் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் ஆண்டுதோறும் ஒரு சனி, ஞாயிறு நடக்கிறது. ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை, முன்பதிவுகூட இல்லை. நடப்பது ஒரு பல்கலைக்கழக வளாகத்தில். வகுப்பறைகளே பேச்சு அரங்குகள். நடத்துவது தன்னார்வலர்கள். நன்கொடை கொடுப்பவர்களுக்கு டி-சர்ட் தருகிறார்கள். ஓர் அறை நிரம்பிவிட்டால் 'இடமில்லை' என்று கதவில் எழுதிப் போட்டுவிடுவார்கள்; அதற்காகப் பெரிய மண்டபம் தேடி ஓடுவதில்லை.

நம்ம ஊரிலும் விடுமுறை நாளில் காலியாக இருக்கும் இடங்கள் உண்டு: கல்லூரிக் கருத்தரங்கக் கூடம், பள்ளிக் கணினி அறை, நூலகக் கூட்ட அரங்கு, சங்கக் கட்டடம். கேட்பதில் தயக்கம் வேண்டாம். ஆனால் வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல் கடிதமாகக் கொடுங்கள். இப்படி:

*மதிப்பிற்குரிய அம்மா / ஐயா,*
*எங்கள் ஊரைச் சேர்ந்த கணினி ஆர்வலர்கள் ஒரு நாள் இலவசச் செய்முறைக் கூட்டம் நடத்த விரும்புகிறோம். சுமார் 100 பேர் வருவார்கள். காலை 9 முதல் மாலை 5 வரை தங்கள் கருத்தரங்கக் கூடத்தையும் இரண்டு வகுப்பறைகளையும் பயன்படுத்த அனுமதி வேண்டுகிறோம். மின்சாரம், துப்புரவுச் செலவை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். மாலை 6 மணிக்குள் இடத்தைச் சுத்தம் செய்து ஒப்படைப்போம். தங்கள் மாணவர்கள் 30 பேருக்கு இடம் ஒதுக்குகிறோம். பொறுப்பாளர்கள் இருவரின் பெயரும் செல்பேசி எண்ணும் கீழே உள்ளன.*

கடைசி மூன்று வரிகள்தான் முக்கியம். இடம் கொடுப்பவருக்கு, "கூட்டம் போட்டுக் குப்பையாக்கிட்டுப் போயிடுவாங்களோ, ஏதாவது ஆனா யாரைக் கேட்கறது?" என்ற கவலை இருக்கும். அதற்குப் பதில் கடிதத்திலேயே இருக்கட்டும்.

சாப்பாட்டு டோக்கன்

இலவசக் கூட்டத்துக்குப் பதிவு செய்வது சுலபம். செல்போனில் ஒரு தட்டு. வராமல் இருப்பதும் அதே அளவு சுலபம். அதனால் பதிவு எண்ணிக்கையை வைத்துச் சாப்பாடு சொல்லாதீர்கள். நூறு பேருக்குச் சொல்லி அறுபது பேர் வந்தால், நம் மாதிரிக் கணக்கில் 40 × 130 = 5,200 ரூபாய் வீண்.

அதற்காக எல்லோரிடமும் நுழைவுக் கட்டணம் வாங்கலாமா? அங்கே வேறு சிக்கல். பஸ்ஸுக்கே காசு எண்ணி எடுத்து வருகிற முதல் தலைமுறை மாணவி வாசலிலேயே நின்றுவிடுவாள். இந்தக் கூட்டம் யாருக்கு அதிகம் பயன்படுமோ அவளே உள்ளே வர முடியாமல் போனால் நடத்தி என்ன பயன்?

நடுவழி இதுதான்: நுழைவு இலவசம், சாப்பாடு முன்பணம். 130 ரூபாய் கொடுத்துப் புதன்கிழமைக்குள் டோக்கன் வாங்கியவர்களுக்கு மட்டும் சாப்பாடு. மற்றவர்கள் கட்டுச்சோறு கொண்டுவரலாம். பணம் கொடுத்தவர் வராவிட்டாலும் குழுவுக்கு நஷ்டமில்லை. சமையல்காரருக்கும் சரியான எண்ணிக்கை கிடைக்கும்.

கூடவே ஒரு வசதி: "ஒண்ணு எனக்கு, ஒண்ணு யாருக்கோ" என்று இரண்டு டோக்கன் வாங்க விரும்புகிறவர் வாங்கலாம். அந்தக் கூடுதல் டோக்கன் தேவைப்படுகிறவருக்குப் போகும். எல்லா டோக்கனும் ஒரே நிறத்தில் இருக்கட்டும். யார் காசு கொடுத்தது, யார் கொடுக்கவில்லை என்று சாப்பாட்டு வரிசையில் தெரியக் கூடாது.

மின்சாரமும் இணையமும்

கணினிக் கூட்டத்தில் நடுவில் கரண்ட் போனால் எல்லாம் நின்றுவிடும். கொஞ்சம் கணக்குப் போடுவோம். வீட்டில் உள்ள சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட், 230 வோல்ட்டில் 1,380 வாட் வரை தாங்கும். லேப்டாப் சார்ஜர் 65 வாட் என்றால் 15 லேப்டாப்புக்கு 975 வாட். பரவாயில்லை. அதே போர்டில் யாராவது 1,500 வாட் மின்கெட்டிலைச் சொருகினால் டிரிப் ஆகிவிடும். டீ வேண்டும் என்றால் பிளாஸ்க்கில் வாங்கிக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியவை:
- ஒரே அறையின் பல சாக்கெட்டுகள் பெரும்பாலும் ஒரே பிரேக்கரில் இணைந்திருக்கும். எது எதில் இருக்கிறது என்று அந்தக் கட்டட எலெக்ட்ரீஷியனிடம் முதல் நாளே கேளுங்கள்.
- எக்ஸ்டென்ஷன் போர்டில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் போர்டைச் சொருகாதீர்கள். சூடேறித் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு.
- நடைபாதையில் வயர் போனால் மேலே டேப் ஒட்டுங்கள். தடுக்கி விழுகிறவர் மனிதர். கூடவே விழுவது யாரோ கடன் வாங்கி வாங்கிய கம்ப்யூட்டர்.

அடுத்து இணையம். "எல்லார்கிட்டயும் டேட்டா இருக்கே, போதாதா?" என்று கேட்கலாம். ஒரு லினக்ஸ் டிவிடி கோப்பு சுமார் 4 ஜிபி. ஐம்பது பேர் ஒரே நேரத்தில் பதிவிறக்கினால் 200 ஜிபி. ஒரே டவரில் இத்தனை பேர் இழுத்தால் யாருக்குமே வேகம் கிடைக்காது. நாளைக்கு 2 ஜிபி பேக் வைத்திருப்பவருக்குப் பாதிக் கோப்புதான் இறங்கும். வீட்டு வைஃபை ரூட்டரை நம்பவும் முடியாது. முப்பது செல்போன் சேர்ந்தாலே அது திணறும்.

செலவில்லாத வழி: தேவையான கோப்புகளை முதல் வாரமே ஒரு லேப்டாப்பில் இறக்கி வையுங்கள். ரூட்டர் வழியாக இணையம் இல்லாமலே அதில் இருந்து பகிரலாம், அல்லது பத்துப் பென்டிரைவில் போட்டு மேசைக்கு ஒன்றாகச் சுற்றுக்கு விடலாம். செய்முறைப் பயிற்சி அளிப்பவரிடம், "இணையம் இல்லாமல் உங்க வகுப்பு நடக்குமா?" என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

பணத்தைவிட முதலில் தீர்வது ஆள்

ஜெர்மனியின் 'கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ்' 1984-ல் ஹாம்பர்க்கில் தொடங்கியது. இன்று பல ஆயிரம் பேர் கூடும் மாநாடு. அங்கே தன்னார்வலர்களுக்கு 'தேவதைகள்' என்று பெயர். மாநாட்டுக்கு வந்தவர்களே சில மணி நேரம் வாசலிலோ, சமையலறையிலோ, கேமராவிலோ முறைவைத்து வேலை பார்க்கிறார்கள். பார்வையாளர், உழைப்பாளி என்ற பிரிவே மங்கிவிடுகிறது. ஃபாஸ்டெமிலும் ஒவ்வொரு தலைப்புக்கும் உரிய அறையின் நிகழ்ச்சிநிரலை அந்தந்தத் துறை ஆர்வலர் குழுவே பார்த்துக்கொள்கிறது. எல்லாம் ஒருவர் தலையில் விழுவதில்லை.

நம் கூட்டத்துக்கும் இதே முறை பொருந்தும்:
- ஒருவருக்கு ஒரே வேலை: இடம், சாப்பாடு, பணம், பேச்சாளர், வரவேற்பு. ஐந்து வேலைக்கு ஐந்து பேர்.
- அன்றைய வேலையை இரண்டு மணி நேர முறைகளாகப் பிரியுங்கள். முறை முடிந்தவர் போய்ப் பேச்சைக் கேட்கட்டும்.
- சுத்தம் செய்யும் வேலைக்கும் முன்கூட்டியே பெயர் எழுதுங்கள். காலையில் பூ கொடுத்து வரவேற்க ஆள் இருக்கும். மாலையில் நாற்காலி மடக்கத்தான் இருக்காது.
- பெண்களை டீ, வரவேற்பு என்று மட்டும் நிறுத்தாதீர்கள். மேடையிலும் கணக்கிலும் அவர்கள் இருக்க வேண்டும்.

பணம் யார் கையில்?

பெரிய மனஸ்தாபம் வருவது இங்கேதான். ஒருவரின் சொந்த யூபிஐ எண்ணுக்கு எல்லோரும் அனுப்புகிறார்கள். அதே கணக்கில் அவர் வீட்டு மளிகையும் வாங்குகிறார். கடைசியில் அவர் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை என்றாலும் நிரூபிக்க வழியில்லை. நல்ல மனிதருக்குக் கெட்ட பெயர் வாங்கித்தர இது போதும்.

- வேறு புழக்கம் இல்லாத ஒரு கணக்கை, முடிந்தால் இருவர் பெயரில் உள்ள கணக்கை, இதற்கென்று ஒதுக்குங்கள்.
- பணம் வாங்குபவர் ஒருவர், செலவுக்கு ஒப்புதல் தருபவர் இன்னொருவர்.
- ஒவ்வொரு பில்லையும் போட்டோ எடுத்துக் குழுவில் போடுங்கள். பில் தராத கடைக்கு ஒரு வவுச்சர் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.
- கூட்டம் முடிந்த ஏழு நாளுக்குள் வரவு செலவை எல்லோருக்கும் அனுப்புங்கள். நஷ்டம் என்றாலும் மறைக்காமல் எழுதுங்கள். "சொந்தக் காசைப் போட்டேன்" என்று சொல்ல வெட்கப்படுவதால்தான் முதல் காட்சியில் பார்த்த இளைஞர் தனியாக மாட்டிக்கொண்டார்.

புரவலரிடம் பணமாகத்தான் கேட்க வேண்டும் என்றில்லை. கடைக்காரர் ஒரு நாளைக்கு இரண்டு மானிட்டர் தரலாம், அச்சகம் பேனரைத் தரலாம். பதிலுக்கு என்ன கேட்கிறார் என்பதை முன்பே பேசுங்கள். வந்தவர்களின் செல்பேசி எண் பட்டியலைக் கேட்டால் மறுத்துவிடுங்கள். அது நம்முடையதல்ல.

ஒருமுறைக் கூட்டத்துக்கு நண்பர் குழுவே போதும். ஆண்டுதோறும் நடத்துவதாக இருந்தால், ஏழு பேர் சேர்ந்து தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் சங்கமாகப் பதிவு செய்யலாம். அப்போது சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ள முடியும்.

அனுமதி, பாதுகாப்பு, தனியுரிமை

- கட்டடத்துக்கு வெளியே ஒலிபெருக்கி வைப்பதானால் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. உள்ளரங்கில் சின்ன ஸ்பீக்கரோடு முடித்துக்கொள்வது நல்லது.
- பதிவுப் படிவத்தில் பெயர், ஒரு தொடர்பு எண், சாப்பாடு வேண்டுமா என்பது போதும். ஆதார் எண் கேட்காதீர்கள். கூட்டம் முடிந்ததும் பட்டியலை அழித்துவிடுங்கள்.
- போட்டோவில் வர விரும்பாதவருக்கு வேறு நிற அட்டை கொடுங்கள். குழந்தைகளின் படத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பகிராதீர்கள்.
- சக்கர நாற்காலி நுழையுமா, பெண்களுக்குக் கழிப்பறை திறந்திருக்குமா என்று முதல் நாள் நேரில் போய்ப் பாருங்கள்.
- வாசலில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112, பெண்கள் உதவி எண் 181.

எட்டு வார நாட்காட்டி

- 8-ம் வாரம் முன்பு: ஐந்து பொறுப்பாளர்கள், இடத்துக்குக் கடிதம்.
- 6-ம் வாரம் முன்பு: நிலையான செலவு கைக்கு வந்ததா? வந்தால் தேதி அறிவிப்பு. வராவிட்டால் கூட்டத்தைச் சின்னதாக்குங்கள்.
- 4-ம் வாரம் முன்பு: பேச்சாளர் பட்டியல், டோக்கன் விற்பனை தொடக்கம்.
- 1 வாரம் முன்பு: கோப்புகள் பதிவிறக்கம், புதன்கிழமை டோக்கன் முடிவு, சமையல்காரருக்கு எண்ணிக்கை.
- முதல் நாள்: மின்சாரம், கழிப்பறை, மைக் சோதனை.
- முடிந்த 7 நாளுக்குள்: கணக்கு, இடம் கொடுத்தவருக்கு நன்றிக் கடிதம்.

உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்

1. அறிவித்ததில் பாதிப் பேர் மட்டும் வந்தால் யாருக்காவது கைக்காசு போகுமா?
2. நான் அன்றைக்குக் காய்ச்சலில் படுத்துவிட்டால் கூட்டம் நடக்குமா?
3. காசில்லாத ஒருவர் வெட்கப்படாமல் உள்ளே வந்து உட்கார முடியுமா?

முதல் கேள்விக்கு 'போகாது', மற்ற இரண்டுக்கும் 'ஆமாம்' என்று வந்தால் தைரியமாகத் தேதி குறிக்கலாம். வராவிட்டால் இந்த வருடம் இருபது பேரோடு ஒரு வகுப்பறையில் தொடங்குங்கள். செலவு டீக்காசு மட்டும்தான். அந்த இருபது பேரில் யார் நாற்காலி மடக்க நிற்கிறார்கள் என்று பாருங்கள். அடுத்த வருட மாநாட்டுக் குழு அவர்கள்தான்.